பலாமரக் கிட்டாரும் கதவில் ஒட்டிய தாளும்

சான் விசென்டே குடியிருப்பு, போஹோல் தீவு
பிப்ரவரி 4, 2017

கும்பாரே தாசியோ,

இது நானேதான், கார்போ. யாரையும் வைத்து எழுதவில்லை. எழுபத்தொரு வயதில் எழுத்துப் படித்திருக்கிறேன். சனிக்கிழமைதோறும் கூடைப்பந்து மைதானக் கொட்டகையில் லோர்னா டீச்சர் ஒன்பது பேருக்கு வகுப்பு எடுக்கிறார். ஒன்பது பேரில் நான்தான் மூத்தவன், முதல் மாணவனும் நான்தான். இதை எழுதும்போதே சிரிப்பு வருகிறது. ஒரு வரி எழுதி முடித்ததும் அதை இரண்டு தடவை வாசித்துப் பார்க்கிறேன். என் வாயிலிருந்து வந்ததுதான், ஆனாலும் புதிதாக இருக்கிறது.

ஆர்னெலின் மனைவி மெர்லியிடம் போன் இருக்கிறது. போனில் பேசினால் நீயும் நானும் இரண்டாவது வார்த்தையிலேயே சண்டை போட்டுவிடுவோம். ஆறு வருடத்துக்கு முன்பும் அப்படித்தான் ஆனது. நீ வீட்டை விட்டு விரட்டிய உன் மகன் ஆர்னெலை நான் இங்கே கூட்டிவந்தேன். ஞானஸ்நானத்தில் அவனைத் தூக்கிப் பிடித்து உனக்குக் கும்பாரே ஆனவன் நான், வேறென்ன செய்வேன். அதை நீ மன்னிக்கவில்லை. இப்போது அதைப் பேச வரவில்லை.

எங்கள் இசைக்குழுவின் கம்பிக் கருவிகள் திருட்டுப் போய்விட்டன. ஐந்தும். ஜனவரி 21ஆம் தேதி, கோயில் பின்னறையிலிருந்து. இரண்டு பந்தூரியா, ஒரு லாவுத், பெரிய பாஸ், என் கிட்டார். உன் அப்பா செய்த கிட்டார். நாற்பத்தொரு வருடம் என் வயிற்றோடு ஒட்டிக் கிடந்தது. இப்போது உட்கார்ந்தால் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஏப்ரல் 5 எங்கள் சாமியின் திருவிழா. சாமியின் படகு முன்னால் போகும், இசைப் படகு பின்னால் போக வேண்டும். கரையை விட்டுக் கிளம்பி மறுபடி கரை ஏறும்வரை வாசிப்பு நிற்கக் கூடாது. நின்றால் அந்த வருடம் மீன் இல்லை. பென்சிங்கின் பந்தூரியாவில் கம்பி அறுந்து அரை நிமிடம் நின்ற வருடம் நாங்கள் பட்ட பாடு உனக்கே தெரியும். அதனால் உன் கடையிலிருந்து ஐந்து கருவிகள் வேண்டும், திருவிழாவுக்குள்.

இன்னொன்றும் எழுத வேண்டும். பேனா நகர மறுக்கிறது. பூட்டு உடையவில்லை, சாவி போட்டுத் திறந்திருக்கிறார்கள். அதனால் உள்ளாள் என்கிறார்கள். ஒரு பெயரும் சொல்கிறார்கள். இந்தக் காலத்தில் ஒரு பெயரைச் சும்மா சொல்ல முடியாது, கும்பாரே. சொன்ன பெயர் போதைக்காரர் பட்டியலில் ஏறுகிறது. பட்டியலில் ஏறிய பெயரைத் தேடி மோட்டார் சைக்கிள் வருகிறது.

ஆர்னெலின் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

கார்போ


அபுனோ, மக்தான் தீவு
பிப்ரவரி 12

கார்போ,

உன் எழுத்து, நண்டு நடந்த மணல் மாதிரி இருக்கிறது. ஆனாலும் புரிந்தது.

இரண்டு பந்தூரியாவும் லாவுத்தும் கடையில் தயாராக உள்ளன. பாஸ் பழையது, வயிற்றில் ஒட்டுப் போட்டது, சத்தம் குறையாது. கிட்டார்தான் சிக்கல். அப்பனுக்கு இருந்த கை மகனுக்கு இல்லை என்று என் கல்யாணப் பந்தியில் எல்லார் முன்னாலும் சொன்னவன் நீ. அதனால் நான் செய்ததை அனுப்பவில்லை. சுவரில் தொங்கிய ஒன்றை அனுப்புகிறேன். விற்பதற்கு வைத்தது அல்ல அது. அதைப் பற்றி எதுவும் கேட்காதே. எல்லாம் என் மைத்துனர் லூசியோவின் சரக்குப் படகில் வரும்.

எனக்கு அங்கே மகன் கிடையாது. ஆறு வருடம் முன்பே சொல்லிவிட்டேன்.

யார் அந்தப் பெயரைச் சொல்கிறார்கள்? எத்தனை பேர்? ஊர்த் தலைவரான கேப்டன் காதுக்குப் போய்விட்டதா? அவன் இன்னும் அந்தப் போதைத் தூளைத் தொடுகிறானா? வேலைக்குப் போகிறானா? இவற்றுக்கு மட்டும் பதில் எழுது. விவரம்தான் கேட்கிறேன், வேறொன்றும் இல்லை.

தாசியோ


சான் விசென்டே
மார்ச் 1

கும்பாரே,

கருவிகள் பத்திரமாக வந்துவிட்டன. பாஸின் வயிற்று ஒட்டைத் தடவிப் பார்த்த பென்சிங், "இதுக்கும் எனக்கும் ஒரே டாக்டர்தான்போல" என்று தன் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினான். கரையில் நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அந்த நிமிடம் யாருக்கும் எந்தப் பயமும் இல்லை.

கிட்டார் முதலில் எனக்குப் பிடிக்கவில்லை. கழுத்து தடிமன். பலாமரம் மஞ்சளாக, பல் விளக்காதவன் சிரிப்பு மாதிரி. இரண்டு நாள் குரலே திறக்கவில்லை. மூன்றாம் நாள் மழை. கூரையோரம் உட்கார்ந்து அடிக் கம்பியை ஒரு தடவை மீட்டினேன். அந்த ஓசை காதுக்கு வரவில்லை கும்பாரே, நேராக நெஞ்செலும்புக்குள் இறங்கியது. மழை நின்றதையும் கவனிக்கவில்லை. உன் அப்பாவின் கிட்டாரை முழுசாக ஒரு மணி நேரம் மறந்துபோனேன். பிறகு வெட்கமாக இருந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் ஒருவனுக்குச் சந்தோஷம் வரலாமா.

கம்பி முறுக்கும் ஆணிகளைச் சரிபார்க்க ஆர்னெல் வந்தான். எங்கள் கருவிகளை அவன்தான் எப்போதும் பழுது பார்ப்பான். மற்ற நான்கையும் பார்த்துவிட்டு, என் மடியில் இருந்ததைக் கண்டதும் நின்றான்.

"இது எங்க இருந்து வந்துச்சு, ஞானப்பா?"

"உங்கப்பன் அனுப்பினான்."

விலாப் பலகையில் நகத்தை வைத்து மெல்ல ஓட்டினான். "இதை ஏன் வித்தாரு" என்று கேட்டான். உடனே போய்விட்டான். ஊற்றி வைத்த காபி அப்படியே இருந்தது.

உன் கேள்விகளுக்குப் பதில். ஆறு வருடமாக அவன் அந்தக் கருமத்தைத் தொடவில்லை. விடியும்போது கடல், பிறகு வலை பின்னல். ஆனால் போன வருடம், தாங்களாக வந்து பெயர் கொடுப்பவர்களுக்கு மன்னிப்பு என்று அரசாங்கம் அறிவித்தபோது, பழையதைச் சொல்லித் தன் பெயரைக் கொடுத்தான். இப்போது திருட்டுப் பேச்சும் அதோடு சேர்ந்துகொண்டது. கிட்டார் செய்பவன் மகனுக்குத்தான் இதன் மதிப்புத் தெரியும் என்கிறார்கள். கேப்டன் காதுக்கும் போய்விட்டது. நம்பர் பலகை இல்லாத மோட்டார் சைக்கிள் இரண்டு தடவை ஊருக்குள் வந்தது. இரண்டு பேர், முகத்தை மூடிய ஹெல்மெட். தேங்காய்க் களத்தில் நின்றார்கள், எதுவும் வாங்கவில்லை, போய்விட்டார்கள். பக்கத்து ஊரில் ஐஸ் விற்பவனைச் சுடுவதற்கு முன்னும் இப்படித்தான் வந்து பார்த்துவிட்டுப் போனார்களாம்.

இனி எழுதப்போவதற்காகத்தான் இதுவரை இத்தனை எழுதினேன்.

காரணம் நான்தான். பின்னறைச் சாவி கோயிலில் நிற்கும் சாமி சிலையின் இடது இறக்கைக்குப் பின்னால் தொங்கும். எங்கள் ஐந்து பேருக்கு மட்டும் தெரியும். அன்று பயிற்சி. எனக்குப் பல்வலி. முன்பென்றால் பென்சிங்கின் வீட்டுப் பக்கம் போய்க் கத்திச் சொல்லியிருப்பேன். அன்று ஒரு தாள் எடுத்து எழுதினேன். "பென்சிங், எனக்குப் பல்வலி. நீங்கள் வாசியுங்கள். சாவி சாமியின் இடது இறக்கைக்குப் பின்னால். கார்போ." சோற்றுப் பருக்கையால் கோயில் கதவில் ஒட்டினேன். பத்தடி தள்ளி நின்று பார்த்தேன். என் எழுத்து பொது இடத்தில் இருப்பதை முதல் தடவையாகப் பார்க்கிறேன். பல்வலி போன இடம் தெரியவில்லை.

இத்தனை வருடம் பென்சிங்குக்குத் தெரிந்த சாவியை அவனுக்கு நான் ஏன் எழுதினேன். தாளில் இடம் மீதி இருந்தது, அதனால் எழுதினேன். பென்சிங்குக்குப் படிக்கவும் தெரியாது. கதவில் தாளைப் பார்த்து, பாதிரியார் நன்கொடை கேட்டிருக்கிறார் என்று அப்படியே திரும்பிப் போய்விட்டான். மற்றவர்கள் அவனைப் பார்த்துத் திரும்பிவிட்டார்கள். அன்று பழைய மரச்சாமான் வாங்கும் வண்டி ஒன்று தெருவில் சுற்றியதாம். யார் படித்தார்களோ தெரியாது. மறுநாள் காலையில் அறை காலி. தாளை நானே கதவிலிருந்து பிய்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் இந்த வயதில் உனக்கு எழுத்து எதற்கு என்பார்கள். எனக்கு அது பயமாக இருந்தது.

கார்போ


அபுனோ
மார்ச் 6

கார்போ,

ஐந்து வாரத்துக்கு மேலாக அந்தத் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சுற்றியிருக்கிறாய். மழையை ரசித்திருக்கிறாய்.

அந்தக் கிட்டார் ஆர்னெல் செய்தது. பத்தொன்பது வயதில், எங்கள் கொல்லைப் பலா புயலில் விழுந்தபோது அந்த மரத்திலேயே. விலாப் பலகையை வளைக்கும்போது இரண்டு தடவை உடைத்தான், மூன்றாவது தடவை நான் பட்டறைக்கு வெளியே நின்று மூச்சுவிடாமல் பார்த்தேன். அப்பனுக்கு இருந்த கை எங்கே போனது என்று அன்று எனக்குத் தெரிந்தது. அவனிடம் சொல்லவில்லை. அடுத்த வருடம் பழக்கம் பிடித்தது. என் உளிகளை விற்றான், தாத்தாவின் அளவுகோலை விற்றான். இதை மட்டும் தொடவில்லை. நானும் விற்கவில்லை என்று அவனிடம் சொல். உன்னிடம் ஒரு காசும் வாங்கவில்லை என்றும் சொல்.

எழுதத் தெரியும் என்று குதித்தாயே, இப்போது எழுது. நடந்ததை எல்லாம் எழுதி, அந்தத் தாளையும் வைத்துக் கேப்டனிடம் கொடு. உன் பேர் கெட்டுப்போகும். போகட்டும். பேர் கெட்டவனை யாரும் சுடுவதில்லை.

இனி எதையும் தபாலில் போடாதே. லூசியோ கையில் கொடு.

இங்கே தெருவில் மோட்டார் சைக்கிள் போனால் என் உளி நழுவுகிறது.

தாசியோ


சான் விசென்டே
மார்ச் 14

கும்பாரே,

போனேன். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதி எடுத்துக்கொண்டு போனேன். கேப்டன் நின்றபடியே படித்தார்.

"இதை நீங்களா எழுதினீங்க, நோங் கார்போ?"

"நான்தான்."

"கையெழுத்து நல்லா இருக்கு." மறுபடி படித்தார். போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "நோங், பட்டியல் போன மாசமே டவுனுக்குப் போயிருச்சு."

"அப்ப அவன் பேரை எடுக்கச் சொல்லுங்க. இதுல எல்லாம் இருக்கு பாருங்க."

"சேக்கிறதுக்கு ஒரு படிவம் குடுத்திருக்காங்க. எடுக்கிறதுக்கு எதுவும் குடுக்கல."

"படிவம் இல்லேன்னா என்ன, நான் எழுதித் தர்றேன்."

"எடுக்கச் சொல்லி எழுதினவன் பேரு அப்புறம் எங்க ஏறும்னு நெனைக்கிறீங்க? எனக்கு மூணு பிள்ளைங்க, நோங்." என் தாள்களை நான்காக மடித்து என் பைக்குள் அவரே வைத்தார். "நீங்க இங்க வரல. நான் உங்களைப் பாக்கல. வாசல்ல யாராவது கேட்டா, சேவல் சண்டைக்கு அனுமதி கேட்டு வந்தேன்னு சொல்லிருங்க."

அவர் கெட்ட மனிதர் இல்லை. 

அன்று மாலை எங்கள் குழுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.  பிறகு பென்சிங், "உனக்கு எழுதத் தெரிஞ்சது ஒரு குத்தம், எனக்குப் படிக்கத் தெரியாதது ஒரு குத்தம். ஆளுக்குப் பாதி எடுத்துக்கலாம், விடு" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஊரை விட்டுப் போகும் ஒரே சாலையில், பெட்ரோல் பாட்டில் விற்கும் கடையில், அந்த இரண்டு பேரும் இப்போது தினமும் உட்கார்ந்திருக்கிறார்கள். படகுத்துறையில் போகிறவர் பெயரை எழுதி வாங்குகிறார்கள். ஆர்னெல் ஒரே வீட்டில் இரண்டு நாள் படுப்பதில்லை. ஆனால் ஓட மாட்டேன் என்கிறான்.

"போனா நான்தான் திருடன்னு ஆயிரும், ஞானப்பா."

மெர்லி சட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "உயிரோட இருந்து திருடனா இரு. நல்லவன்னு அப்புறம் நிதானமா காட்டிக்கலாம்."

அவன் சட்டியை வாங்கித் துடைத்து வைத்தான். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

வழி சொன்னது பென்சிங். திருவிழா அன்று சாமியின் படகையும் இசைப் படகையும் யாரும் நிறுத்த மாட்டார்கள். பவளப்பாறைக்கு வெளியே போய்த்தான் எல்லாப் படகுகளும் திரும்பும். பக்கத்து ஊர்ப் படகுகளும் அங்கே கொடி கட்டி வந்து கலக்கும். அந்த நெரிசலில் அவன் வேறு படகுக்கு மாறிவிடலாம். இசைப் படகில் அன்று ஆறு பேர் இருந்தால் யார் எண்ணுவார்கள்.

நீ என்ன சொல்கிறாய். சீக்கிரம் எழுது. மீன் குழம்பு வைத்தால்கூட எனக்கு இறங்கவில்லை.

கார்போ


அபுனோ
மார்ச் 20

கார்போ,

சரி.

வாசிப்பவர்கள் போடும் அதே வெள்ளைச் சட்டை, அதே ஓலைத் தொப்பி அவனுக்கும். அந்தக் கிட்டாரை அவனிடம் கொடு, நீ பாட்டுப் பாடு. கிட்டார் வாசிப்பவனின் கையைத்தான் ஜனங்கள் பார்ப்பார்கள், முகத்தைப் பார்ப்பதில்லை. லூசியோவின் படகில் மஞ்சள் கொடி கட்டிக்கொண்டு நானும் வருகிறேன். கடல் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்பது உனக்குத் தெரியும். வருவேன்.

இந்தக் கடிதத்தை எரித்துவிடு. உன் பேருக்கு வந்த முதல் கடிதங்களை எரிக்க மனம் வராது உனக்கு, அவற்றையும் எரி.

தாசியோ


அபுனோ
ஏப்ரல் 8

கார்போ,

வந்து சேர்ந்தோம். மூன்று மணி நேரம். நான் வழி முழுதும் வாந்தி எடுத்தேன், அவன் என் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான். நாங்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

உங்கள் படகு பாறையைத் தாண்டி வந்தபோது, அந்தப் பலாமரத்தின் சத்தத்தைத் தண்ணீர் மேல் கேட்டேன். பந்தூரியாக்களுக்கு அடியில், தனியாக. அவன்தான் வாசிக்கிறான் என்று படகைப் பார்ப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. பாட்டுக்கு நடுவில் அவன் கிட்டாரை உன் மடிக்கு நகர்த்தினான், அவன் விரல் எடுக்க உன் விரல் விழுந்தது. ஒரு தாளம்கூடத் தவறவில்லை. அதற்குள் அவன் என் படகில் இருந்தான். சாமியின் படகில் இருந்தவர்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நீ ஒரு துடுப்பு நீளத்தில் இருந்தாய். உன் முன்பல் இரண்டும் போய்விட்டன. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், நீ பாடிக்கொண்டிருந்தாய், நிறுத்தினால் ஊருக்கு மீன் இல்லை. அதனால் சொல்லவில்லை.

பட்டறையில் உள்பக்க மேசையை அவனுக்குக் கொடுத்திருக்கிறேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து நின்றுவிடுகிறான். மறுபடி உட்கார வைக்க அரை மணி ஆகிறது. நேற்று ஒரு கழுத்து செதுக்கினான். கை மறக்கவில்லை. கிட்டாரை நீயே வைத்துக்கொள்ளச் சொன்னான். "அது அவர் மடியிலதான் நல்லா பேசுது" என்றான்.

மெர்லியை ஒரு மாதம் கழித்து அனுப்பலாம். அவசரப்படாதே.

தாசியோ


சான் விசென்டே
ஏப்ரல் 12

கும்பாரே,

இதைப் படித்ததும் ஆர்னெலை அங்கிருந்து அனுப்பிவிடு. மீதியைப் பிறகு படி.

நேற்று மதியம் அவர்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டே வந்தார்கள். ஒருவன் என் கடைசி மகன் வயது. மரியாதையாகப் பேசினான். அந்த மரியாதையில்தான் எனக்குப் பயம் வந்தது.

"தாத்தா, ஆர்னெல் எங்க?"

"தெரியாது சார். திருவிழாவுக்கு முன்னாடி இருந்தே பாக்கல."

"அதை இதுல எழுதிக் கையெழுத்துப் போடுங்க. எழுதத் தெரியுமில்ல?"

அந்த நேரத்தில் ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. "எனக்கு எழுத்து வராது சார். படிக்கவும் வராது" என்றேன்.

அவன் என்னையே பார்த்தான். "வகுப்புக்குப் போறீங்கன்னு சொன்னாங்களே."

அப்போது பார்த்து லோர்னா டீச்சர் வாசலில் நிற்கிறார். கையில் என் நோட்டு, திருத்திக் கொடுக்க வந்தவர். என் முகத்தைப் பார்த்தார். அவர்களைப் பார்த்தார். நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"இவருக்கா சார்? ஒரு வருஷமா முதல் எழுத்தே ஏறல. பெஞ்சைத் தேய்க்கத்தான் வர்றாரு. இருக்கிற ஒம்போது பேர்ல இவர்தான் கடைசி."

அவ்வளவு பயத்திலும் அது எனக்கு வலித்தது, கும்பாரே.

அவர்கள் சிரித்தார்கள். பெரியவன் காபி இருக்குமா என்று கேட்டான். சின்னவன் மை டப்பாவை எடுக்க வண்டிக்குப் போனான். படிக்கத் தெரியாதவன் வீடு என்பதால், பட்டியல் மாட்டிய அட்டையை மேசையிலேயே, என் முன்னாலேயே வைத்துவிட்டுப் போனான். தலைகீழாக இருந்தது. நான் கெண்டியைத் தூக்கிக் காபி ஊற்றினேன், ஊற்றிக்கொண்டே படித்தேன். ஒரு வரிக்கு ஒரு மாலை எடுக்கிறவன் நான். என் ஆயுளில் அவ்வளவு வேகமாகப் படித்ததில்லை. ஆறு பெயர்கள். நான்கின் மேல் கோடு இருந்தது. ஐந்தாவது ஆர்னெல். அவன் பெயருக்கு எதிரில் பேனாவால் புதிதாக எழுதியிருந்தது: தகப்பன், கிட்டார் கடை, அபுனோ. ஈஸ்டருக்குப் பின்.

காபி மேசையில் வழிந்துவிட்டது. வயதானவன் கை என்று பெரியவன் விட்டுவிட்டான். மை டப்பா வந்தது. கட்டை விரலை வைத்தேன். பிறகு சாமி படத்துக்குக் கீழே மாட்டியிருந்த கிட்டாரைக் காட்டி, "வாசிப்பீங்களா தாத்தா" என்று கேட்டான் சின்னவன். வாசித்தேன். அவர்கள் காபி குடித்து முடிக்கும்வரை வாசித்தேன். நன்றாகவே வாசித்தேன் என்று நினைக்கிறேன். வேறு எந்தக் கிட்டாராக இருந்தாலும் என் நடுக்கம் வெளியே கேட்டிருக்கும். இது எனக்காக மூடிக்கொண்டது.

இனி நான் எழுதத் தெரியாதவன். ஊரில் எல்லாரிடமும் அப்படித்தான் என்று டீச்சர் சொல்லி வைத்திருக்கிறார். நோட்டை அவரே அடுப்பில் போட்டார். இந்தத் தாளை மெர்லியின் பானைக் கூடைக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்து எழுதுகிறேன். லூசியோ கிளம்பத் தயாராக நிற்கிறார். பதில் போடாதே. போடுவதென்றால் ஒன்றே ஒன்று, சின்னதாக, லூசியோ வாயால் படித்துக் காட்டட்டும்.

கார்போ


அபுனோ
ஏப்ரல் 19

கார்போ,

பெரிய வெள்ளியன்று உன் கடிதம் வந்தது. அன்றே அவனை அனுப்பினேன். எங்கே என்று இதில் இல்லை.

ஈஸ்டருக்கு மறுநாள் அவர்கள் வந்தார்கள். பெரியவன் உள்பக்க மேசைக்குப் போய், மரத்தூளை விரலால் எடுத்துக் கசக்கிப் பார்த்தான். ஈரம் இருந்தது.

"ஒரு ஆளுக்கு எதுக்கு ரெண்டு மேசை?"

"ஒண்ணு கிட்டாருக்கு, ஒண்ணு பந்தூரியாவுக்கு" என்றேன். அன்று காலை நான்தான் அங்கே உட்கார்ந்து இழைத்திருந்தேன்.

போய்விட்டார்கள். மறுபடி வருவார்கள், உள்பக்க மேசை என்னுடையதுதானா என்று பார்க்க. அதனால் தினமும் இரண்டு மேசையிலும் வேலை செய்கிறேன். தூள் காயக் கூடாது.

தாசியோ